குவாய் நதிப் பாலம்: ஒரு கதை நிற்பதற்கு யாரெல்லாம் இல்லாமல் போக வேண்டியிருந்தது

1943. சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டுக்குள் ஜப்பானியர் நடத்தும் ஒரு போர்க்கைதி முகாம். அங்கு வந்து சேர்கிற பிரிட்டிஷ் படைப்பிரிவின் தலைவர் கர்னல் நிக்கல்சன். ஜப்பானியரின் ரயில் பாதைக்குப் பாலம் கட்ட, அதிகாரிகளும் சிப்பாய்களோடு சேர்ந்து உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. நிக்கல்சன் சட்டைப்பையிலிருந்து ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். அதன் 27ஆம் பிரிவு அதிகாரிகளை அப்படி வேலை வாங்கக் கூடாது என்கிறது. சைட்டோ அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி அதனாலேயே அவர் முகத்தில் அடிக்கிறார். பிறகு தகரக் கூண்டுக்குள் தண்டனை. வெயிலில் வெந்து, நடக்க முடியாமல் போகிற அளவுக்கு நாட்கள் ஓடுகின்றன. நிக்கல்சன் மசியவில்லை. பால வேலை நகராமல் கிடப்பதால் கடைசியில் சைட்டோதான் இறங்கி வருகிறார். 1905இல் ரஷ்யாவை வென்ற நாள் இன்று, அதனால் பொதுமன்னிப்பு என்று ஒரு சாக்குச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். அப்புறம் தன் அறையில் தனியாக அழுகிறார்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியும் கடைசி வெடிப்பும்தான் நினைவில் நிற்கும். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வரும், சத்தமே இல்லாத ஒரு திருப்பம். கெடு நெருங்குகிறது, ஆள் போதவில்லை. நிக்கல்சன் தன் அதிகாரிகளிடம் தானே பேசி, அவர்களை உடலுழைப்புக்கு இறக்கிவிடுகிறார். மருத்துவக் கொட்டகைக்குப் போய், படுத்துக் கிடப்பவர்களையும் 'லேசான வேலை'க்கு எழுப்பிக்கொண்டு வருகிறார். எதற்காகக் கூண்டில் வெந்தாரோ அதை யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டார். கொடுத்தது அவருக்கே தெரியவில்லை. இதை இயக்குநர் டேவிட் லீன் இசை போட்டுச் சுட்டிக்காட்டவில்லை. அன்றாட நிர்வாகச் செய்திபோலக் கடந்து போகிறார். படத்தின் சாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கைதியின் நியாயம்

நிக்கல்சனைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டால் இந்தப் படத்தில் பேச ஒன்றுமில்லை. அவர் வாதம் தொடக்கத்தில் மிகச் சரியானது. வேலையில்லாத, தலைவனில்லாத சிப்பாய்க் கூட்டம் சீக்கிரமே சிதறிப்போகும். ஒழுங்கு குலைந்த முகாமில் சாவு அதிகமாகும். வேலை ஒன்று இருந்தால் ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். மருத்துவ அதிகாரி கிளிப்டன் கேட்கிறார்: சரி, ஆனால் அவர்களே கட்டியிருக்கக்கூடியதைவிட நல்ல பாலமாகக் கட்டித்தர வேண்டுமா? பதிலுக்கு நிக்கல்சன், சைட்டோவுக்கு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால் நீ திறமையைக் காட்டுவாயா, சாகவிடுவாயா என்று திருப்பிக் கேட்கிறார். கிளிப்டனிடம் பதில் இல்லை. பார்ப்பவரிடமும் சட்டென்று பதில் வராது. தொழில் தர்மமும் தேசத் துரோகமும் ஒரே செயலுக்குள் எப்படி உட்கார முடிகிறது என்பதுதான் படம் போடுகிற முடிச்சு.

பொறியாளர் ரீவ்ஸ், இங்கே கிடைக்கும் மரம் எல்ம் மாதிரியானது, பழைய லண்டன் பாலத்தின் எல்ம் தூண்கள் 600 ஆண்டுகள் தாங்கின என்கிறார். நிக்கல்சன் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். அலெக் கின்னஸின் குரலில் அந்த இடத்தில் ஆசை எட்டிப் பார்க்கிறது. அதற்குமேல் போர் என்று ஒன்று நடப்பதே அவருக்கு மறந்துபோகிறது.

அந்திப் பொழுதுக் காட்சி ஒன்று உண்டு. பாலம் முடிந்துவிட்டது. நிக்கல்சன் கைப்பிடியைப் பற்றி நின்று ஆற்றைப் பார்க்கிறார். அருகில் வந்த சைட்டோ 'அழகு' என்கிறார். அவர் சொன்னது சூரிய அஸ்தமனத்தை. நிக்கல்சன் பாலத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார். பிறகு பேசத் தொடங்குகிறார்: படையில் சேர்ந்து 28 ஆண்டுகள், அதில் வீட்டில் இருந்தது பத்து மாதம்கூட இருக்காது, இந்தியா தனக்குப் பிடிக்கும், ஆனால் திடீரென்று ஒருநாள் தொடக்கத்தைவிட முடிவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிகிறது, தன் வாழ்வு எதற்காவது கணக்கில் வருமா. லீன் இந்தப் பேச்சை முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். வாழ்க்கையின் மிகச் சிறந்த வசனம் கிடைத்த இடத்தில் முகத்தைக் காட்டவிடாமல் செய்ததில் கின்னஸுக்குக் கடும் வருத்தம். இருவருக்கும் தகராறு நடந்தது. லீன் செய்ததே சரி என்பது என் கட்சி. முகத்தைப் பார்த்திருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும். முதுகைப் பார்ப்பதால், அவர் பார்க்கும் திசையில் நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே பாலமும் ஆறும் மட்டும்தான். பேச்சின் முடிவில் கைத்தடி நழுவி ஆற்றில் விழுகிறது.

பாலத்தில் ஒரு பெயர்ப்பலகையையும் ஆணியடித்து மாட்டுகிறார்: பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களால் வடிவமைத்துக் கட்டப்பட்டது, 1943 பிப்ரவரி முதல் மே வரை, தலைமை கர்னல் எல். நிக்கல்சன். யாருக்கான ரயில் இது என்பது பலகையில் இல்லை.

எழுதியவர்கள், எழுதாமல் விருது வாங்கியவர்

மூலக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். பூல் போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக இருந்தவர். சயாம் ரயில் பாதையில் அவர் கைதியாக இருந்ததில்லை. இந்தோசீனாவில் மேகாங் ஆற்றில் ரகசிய வேலையாகப் போனபோது, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசுக்கு விசுவாசமான பிரெஞ்சுக்காரர்களிடமே பிடிபட்டார். எதிரிக்கு ஒத்துழைப்பதையே கடமை என்று நம்பிய பிரெஞ்சு அதிகாரிகளைப் பார்த்த அனுபவத்திலிருந்துதான் நிக்கல்சன் பிறந்தார். ஆக, சீருடை பிரிட்டிஷ், சரக்கு பிரெஞ்சு.

திரைக்கதையை முதலில் எழுதியவர் கார்ல் ஃபோர்மன். லீனுக்குப் பிடிக்கவில்லை. பின்னால் வந்து முழுமையாக்கியவர் மைக்கேல் வில்சன். இருவருமே ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள்; நாடுவிட்டு ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயரைப் போட முடியாது என்பதால் திரைக்கதை பியர் பூல் என்று அட்டை போட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதாத பூலுக்கு ஆங்கிலத் திரைக்கதைக்கான ஆஸ்கர்! அவர் விழாவுக்கு வரவில்லை, நடிகை கிம் நோவாக் வாங்கிக்கொண்டார். மொத்தம் ஏழு ஆஸ்கர்களில் அதுவும் ஒன்று. 1980களின் நடுவில்தான் அகாதமி தவறைத் திருத்தி உண்மையான இருவருக்கும் விருதைச் சேர்த்தது. அப்போது இருவரும் உயிரோடு இல்லை.

அமெரிக்கச் சந்தைக்காக வில்லியம் ஹோல்டனைக் கொண்டுவந்தார்கள். நாவலில் பிரிட்டிஷ்காரராக இருந்த ஷியர்ஸ், படத்தில் முகாமிலிருந்து தப்பி, பாலத்தைத் தகர்க்கும் கமாண்டோ குழுவோடு திரும்பி வரும் அமெரிக்கர் ஆனது அப்படித்தான். வணிகத்துக்காகச் செய்தது என்றாலும் கதைக்கு நன்மையாகவே முடிந்தது. தொடக்கத்திலேயே ஷியர்ஸ் ஒரு பிணத்தைப் புதைத்துவிட்டு, காவல் அதிகாரிக்கு ஒரு சிகரெட் லைட்டரை லஞ்சம் கொடுத்து நோயாளிப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்கிறான். இவன் எதற்காகச் செத்தான் என்று குழிமேட்டில் நின்று கேட்கிறான். கொடி, கௌரவம் என்ற சொல்லெல்லாம் அவன் வாயில் வராது. நிக்கல்சனுக்கு எதிர்த்தட்டில் வைக்க அப்படி ஒருவன் தேவைப்பட்டான்.

கித்துல்கல

படம் எடுத்தது இலங்கையில். பாலம் கட்டிய இடம் களனி ஆற்றங்கரையில் கித்துல்கல. கைதி முகாமைக் கொழும்பை அடுத்த மகர கல்குவாரிப் பக்கம் போட்டார்கள். பிரிட்டிஷ் தலைமையகக் காட்சிகளைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் எடுத்தார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது.

பாலம் செட் கிடையாது. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒரு பொறியியல் நிறுவனம் கணக்குப் போட்டு, உள்ளூர் ஆட்களும் யானைகளும் மரம் இழுத்து, ரயில் ஓடக்கூடிய நிஜப் பாலமாகவே கட்டினார்கள். நீளம் 425 அடி. விளம்பரத்தில் இரண்டரை லட்சம் டாலர் செலவு என்று அடித்துவிட்டார்கள். ஸ்டுடியோ கணக்கில் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். யானைகள் வேலை நடுவே தோன்றியபோது ஆற்றில் படுத்துக்கொள்ளும் என்பார்கள். அவற்றின் தொழிற்சங்கம் வலுவானது போலும்.

1957 மார்ச்சில் வெடிப்பு நாள். பிரதமர் பண்டாரநாயக்காவும் விருந்தினர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேமராக்களைச் சுற்றிலும் பொருத்தி, ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் குதித்துவிட வேண்டும். ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் பதுங்கு குழிக்குள் போய்விட்டதாகச் சைகை தர வேண்டும். எல்லாச் சைகையும் வந்த பிறகே வெடி. ஒரே ஒரு சைகை வரவில்லை. ஆள் வெளியே நிற்கிறானோ என்ற பயத்தில் லீன் வெடிக்கவிடவில்லை. ஓட்டுநர் இல்லாத ரயில் பாலத்தை அழகாகக் கடந்து, அந்தப் பக்கம் நின்ற ஜெனரேட்டரில் போய் மோதியது. சைகை தரவேண்டியவர் மறந்துபோனார், அவ்வளவுதான். மறுநாள் ரயிலைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டி, வெடித்தார்கள். நாம் திரையில் பார்ப்பது அது.

லீன் என்ற மனிதரை நிக்கல்சனோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காட்டுக்குள் மாதக்கணக்கில், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலோடு சண்டை, நடிகர்களோடு சண்டை, எல்லாம் ஒரு பாலம் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக. கட்டுகிறவனின் வெறியை வெளியில் நின்று எள்ளி நகையாடுகிற படமாக இது ஆகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கேமராவுக்கே அந்தப் பாலத்தின் மேல் காதல்.

ஒலியையும் சொல்ல வேண்டும். கைதிகள் முகாமுக்குள் நுழையும்போது சீழ்க்கையடித்து வரும் 'கர்னல் போகி' 1914இல் வந்த ராணுவ அணிவகுப்பு மெட்டு. போர்க்காலத்தில் அதற்கு ஹிட்லரின் விதைப்பையைக் கேலி செய்யும் வரிகளைச் சிப்பாய்கள் கட்டியிருந்தார்கள். வாய்விட்டுப் பாடினால் தணிக்கை விடாது. சீழ்க்கையடித்தால் வரி ஒவ்வொரு பார்வையாளன் மண்டைக்குள்ளும் ஓடும். அந்தக் காட்சியில் லீன் கால்களை நெருங்கிக் காட்டுகிறார்: நின்ற இடத்திலேயே காலடி போடும் பூட்ஸ்கள், அடி பிளந்து விரல் தெரிபவை, வெறும் பாதங்களும் நடுவில். கந்தலும் மிடுக்கும் ஒரே சட்டகத்தில். மால்கம் ஆர்னல்ட் அதற்கு மேல் பின்னிய எதிர்மெட்டு உலகமெங்கும் தட்டுகளாக விற்றது.

கதை நிற்க இரண்டு பொய்கள்

இப்போது வரலாற்றுக்கு வருவோம். பர்மா–சயாம் ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நிஜப் பாலம் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தா மக்காமில் இருந்தது. மரத்தில் ஒன்று, எஃகில் ஒன்று என இரண்டு. எஃகுப் பாலத்தின் வளைவுச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து பெயர்த்து வந்தவை. அது கடந்த ஆறு குவாயும் இல்லை, மே குளோங். பாதை குவே நோய் ஆற்றோரமாகப் போவதை அறிந்திருந்த பூல், பாலமும் அதன் மேல்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார். படம் ஓடிய ஓட்டத்தில் சுற்றுலாப் பயணிகள் குவாயைத் தேடி வரத் தொடங்க, 1960இல் தாய்லாந்து அரசு மே குளோங்கின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றியது. பாலத்தை எந்தக் கமாண்டோ குழுவும் தகர்க்கவில்லை. 1944–45இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி உடைத்தன. பழுதுபார்த்து இன்றும் ரயில் ஓடுகிறது.

தா மக்காம் முகாமில் இருந்த மூத்த பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூஸி. தன் ஆட்களைச் சாகவிடாமல் காப்பதற்காக ஜப்பானியரோடு பேரம் பேசினார், வேலையையும் ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம் மரத்தூண்களில் கரையானைக் கொண்டுவந்து விடுவதற்கும் உடந்தையாக இருந்தார். அவருடைய சிப்பாய்களுக்கு நிக்கல்சன் பாத்திரம் பெரும் அவமானமாகப் பட்டது. முகாமில் சைட்டோ என்று நிஜமாகவே ஒரு சார்ஜென்ட் மேஜர் இருந்தார். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயமானவர். போர் முடிந்ததும் டூஸி அவருக்கு ஆதரவாகப் பேசியதால் தூக்கிலிருந்து தப்பினார். டூஸி இறந்த பிறகு அந்த சைட்டோ இங்கிலாந்து போய் அவர் கல்லறையில் வணங்கினார்.

டூஸி விஷயத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு கற்பனைக் கதை ஒரு தனிமனிதரை ஒத்திருக்காததைப் பெரிய குற்றமாக நான் கருதவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நிக்கல்சன் கதை நகர வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள் பொய்யாக்கப்பட வேண்டும். முதலாவது, ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்பது. படத்தில் அவர்கள் தப்பான இடத்தில், சேற்றில் தூண் நட்டு, வெள்ளைக்காரப் பொறியாளர் வந்து இடத்தை மாற்றுகிறார். உண்மையில் ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகளின் பொறியாளர்கள் தேர்ந்தவர்கள். மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டரை ஓராண்டுக்குச் சற்று மேல் முடித்தவர்கள். இரக்கமில்லாதவர்கள்தான், திறமையில்லாதவர்கள் இல்லை. ஜப்பானியர் தரப்பிலிருந்து இந்தப் படத்தின் மேல் வந்த கசப்புக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, வேறு ஆள் கிடையாது என்பது. சைட்டோ ஏன் வளைகிறார்? கைதிகள் வேலையை இழுத்தடிக்கிறார்கள், வேறு கைகள் இல்லை. நிக்கல்சனின் பேரம் பேசும் பலம் முழுவதும் இந்த ஒரே புள்ளியில் தொங்குகிறது. வரலாற்றிலோ வேறு கைகள் லட்சக்கணக்கில் இருந்தன. பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000க்குச் சற்று மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் என்பது பொதுவான மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர். கைதிகளில் இறந்தது 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தது 90,000க்குக் குறையாது என்கிறார்கள். சரியான எண் கிடையாது. யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

படத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. தற்செயலான விடுபடல் என்று நினைத்தால் படத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். அவர்கள் ஒரு சட்டகத்தின் ஓரத்தில் மண்கூடையோடு நடந்து போயிருந்தாலே, நிக்கல்சன் கூண்டில் கிடப்பது வீரமாகத் தோன்றாது. இவர் மறுத்தால் இன்னொரு லாரி கூலிகளை இறக்குவார்கள் என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கதைக்குத் தமிழர் இல்லாமலிருப்பது கட்டாயம்.

திரைக்குப் பின்னாலும் அதே கதை வேறு உருவில். கைதிக் கூட்டத்துக்கு வெள்ளைக்கார துணை நடிகர்கள் போதாமல், பின்வரிசையில் உள்ளூர் ஆட்களுக்கு வெளிர்ச்சாயம் பூசி நிறுத்தியதாகப் படப்பிடிப்புப் பதிவுகள் சொல்கின்றன. ரயில் பாதையில் இருந்த ஆசியர்களை எடுத்துவிட்டு, வெள்ளையர் வேஷத்தில் ஆசியர்களை நிற்க வைத்திருக்கிறார்கள்! கித்துல்கல படப்பிடிப்பில் சிறு வேலைகள் செய்த இளைஞர்களில் இருவர், காமினி பொன்சேகாவும் சந்திரன் ரத்னமும், பின்னாளில் இலங்கை சினிமாவில் பெயர் பெற்றார்கள் என்பது வேறு கணக்கு.

படம் லண்டனில் வெளியானது 1957 அக்டோபர் 2. மலாயா விடுதலையடைந்து அப்போது ஒரு மாதம் சொச்சம். முந்தைய ஆண்டுதான் சூயஸில் பிரிட்டன் மூக்குடைபட்டிருந்தது. பேரரசு கைவிட்டுப் போகிற நேரத்தில், 'நாங்கள் கட்டியது நிற்கும்' என்று நம்பிய ஓர் இந்தியப் பணி கர்னலை அந்த நாட்டுக்காரர்கள் திரையில் பார்த்தார்கள். சிலர் பெருமையோடும் பார்த்திருப்பார்கள். இந்தப் படம் போரை எதிர்க்கிறதா, கொண்டாடுகிறதா என்ற சண்டை தீராததற்குக் காரணம், இரண்டுக்கும் அது இடம் விட்டிருக்கிறது.

முடிவும் அப்படியே. நாவலில் பாலம் தப்பிவிடும், ரயில் மட்டும் கவிழும். படத்தில் நிக்கல்சன், 'நான் என்ன செய்துவிட்டேன்' என்று ஒரு கணம் விழித்து, குண்டடிபட்டுச் சரிந்து, வெடிப்பிடியின் மேல் விழுகிறார். வேண்டுமென்றே விழுந்தாரா, சரிந்த இடம் அதுவாக அமைந்ததா? லீன் தெளிவாக்கவில்லை. பூலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. நான் பூல் பக்கம். நிற்கும் பாலம்தான் அந்த முட்டாள்தனத்துக்குச் சரியான தண்டனை. ஆனால் எஞ்சின் ஆற்றில் கவிழ்வதைப் பார்க்கக் காசு கொடுத்தவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. வெடிப்புக்குப் பிந்திய ஒரு துணுக்கைக் கவனியுங்கள். தன் கூட்டாளிகள் கிடந்த இடத்திலேயே மோர்ட்டார் அடித்த கமாண்டோ குழுத் தலைவன் வார்டன், சுமை தூக்கி வந்த சயாமியப் பெண்களிடம், வேறு வழியில்லை என்று விளக்குகிறான். அவர்கள் ஒன்றும் பேசாமல் பின்வாங்குகிறார்கள். படத்தில் ஆசியத் தொழிலாளியின் பார்வை கதைக்குள் வருகிற ஒரே இடம் அது.

சயாமுக்குப் போனவர்கள்

ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசி இல்லை. நாளுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு, மூன்று மாத ஒப்பந்தம் என்று ஆசை காட்டினார்கள். அதற்கு ஆள் குறைந்தபோது தோட்டக் கணக்கரான கிராணியிடமும் மேஸ்திரியான கங்காணியிடமும் தலைக்கணக்குக் கேட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பிடித்துப்போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. மூன்று மாதம் முடிந்து யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் படை ஒழுங்கு இருந்தது, சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட ஆள் இருந்தது. கிளிப்டன் மாதிரி ஒருவர் முகாமுக்கு முகாம் இருந்தார். கூலி முகாம்களில் அதில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியாயின. மலேரியா, சீதபேதி, பெரிபெரி, எலும்பு தெரிகிற ஆறாப் புண். ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளுக்கானது. ஜப்பான் கையெழுத்திட்டும் உறுதி செய்யாத அந்தத் தாளைக்கூடக் கூலிகளால் எடுத்துக் காட்ட முடியாது. அவர்களால் முடிந்த எதிர்ப்பு ஒன்றுதான்: காட்டுக்குள் ஓடிவிடுவது. ஓடியவர்களில் பலர் அங்கேயே செத்தார்கள்.

காஞ்சனபுரியில் கைதிகளுக்கான போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரோடு. தொழிலாளர்களின் எலும்புகள் 1990இல் அருகே மொத்தக் குழியாகத் தோண்டியெடுக்கப்பட்டன. மலேசியத் தமிழர் முயற்சியில் அங்குள்ள புத்த விகாரை வளாகத்தில் நடுகல் ஒன்று எழுந்ததெல்லாம் அண்மையில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வந்துவிட்டது, அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதினார். லீன் படத்தை ரசித்தவர்கள் சண்முகத்தின் நாவலை வாசிப்பது நல்லது, படத்தைத் திருத்துவதற்காக இல்லை, அது வேறு வகைக் கதை என்பதற்காக. எதிரியோடு வாதாடி ஜெயிக்கிற காட்சியை அந்த மனிதர்களுக்கு எழுத வழியே கிடையாது. தண்ணீர், அரிசி, யார் எந்தக் கொட்டகையில் செத்தார்கள், யார் திரும்பி வந்து ஊரில் சொன்னார்கள் என்பவற்றை வைத்துத்தான் எழுத வேண்டும்.